உப்சாலாவின் மாணவர் நேஷன்கள்: உள்ளே இருந்து ஒரு மதிப்பீடு

சுவீடனின் பல்கலைக்கழக நகரமான உப்சாலாவுக்கு முதுநிலைப் படிப்புக்காகப் புறப்படுகிறவர்கள் பாடத்திட்டம், கல்விக் கட்டணம், குடியிருப்பு அனுமதிக்குக் காட்ட வேண்டிய வங்கி இருப்பு, குளிருக்கான உடைகள் என்று எல்லாவற்றையும் நன்றாக விசாரித்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனால் அந்த ஊரில் ஒரு மாணவரின் அன்றாட வாழ்க்கை எப்படி அமையப்போகிறது என்பதை இவற்றைவிட அதிகமாகத் தீர்மானிக்கும் ஓர் ஏற்பாட்டைப் பற்றி, விமானம் ஏறுவதற்கு முன் நம்மில் பெரும்பாலோர் கேள்விப்படுவதே இல்லை. ‘நேஷன்’ எனப்படும் மாணவர் சங்கங்கள்தாம் அவை. உப்சாலாவில் இப்படி 13 நேஷன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பெரிய வீடு உண்டு; அந்த வீட்டுக்குள் உணவகம், காப்பிக் கடை, மதுக்கூடம், படிப்பறை, பாடற்குழு, விருந்து மண்டபம், இரவு நடனக்கூடம் என அனைத்தும் நடக்கின்றன; அத்தனையையும் மாணவர்களே நடத்துகிறார்கள். அங்கே படித்த காலம் முழுவதும் உறுப்பினராகவும், அதில் பெரும்பகுதி சமையலறையில் வேலை செய்பவராகவும் இருந்த அனுபவத்தைக் கொண்டு, இந்த ஏற்பாடு ஒரு வெளிநாட்டு மாணவருக்கு எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளராக மட்டும் போய் வருகிறவருக்கு நேஷன் ஒரு மலிவான உணவகம், அவ்வளவுதான். அடுப்படிக்குள் நுழைந்து வேலை செய்யத் தொடங்குகிறவருக்கோ அதன் வழியாக அந்த ஊரே திறந்துகொள்கிறது.

உப்சாலா பல்கலைக்கழகம் 1477-இல் தொடங்கப்பட்டது. சுவீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நார்டிக் நாடுகளில் இன்றும் இயங்கிவரும் பல்கலைக்கழகங்களில் அதுவே மிகப் பழையது. பதினேழாம் நூற்றாண்டில், தொலைவிலுள்ள மாகாணங்களிலிருந்து வந்த இளைஞர்கள், முன்பின் தெரியாத ஊரில் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கத் தத்தம் மாகாணத்தாரோடு சேர்ந்து அமைத்துக்கொண்ட குழுக்களே பின்னாளில் நேஷன்களாக நிலைபெற்றன. முதலில் இவற்றை ஐயத்தோடு பார்த்த பல்கலைக்கழகம், பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பேராசிரியரை ‘இன்ஸ்பெக்டர்’ என்ற மேற்பார்வையாளராக அமர்த்தி அங்கீகரித்தது. அந்தப் பதவி இன்றுவரை தொடர்கிறது. தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் தம் சொந்த மாகாணமான ஸ்மோலாந்தின் நேஷனுக்கு இன்ஸ்பெக்டராக இருந்திருக்கிறார். ஸ்டாக்ஹோம், உப்லாந்து, கல்மார், கோட்லாந்து, வார்ம்லாந்து, நூர்லாந்து என்று நேஷன்களின் பெயர்கள் இன்றும் மாகாணங்களையும் ஊர்களையும் சுமந்திருக்கின்றனவே தவிர, எந்த நாட்டவரும் தமக்குப் பிடித்த நேஷனில் சேரலாம்.

நெடுங்காலம் வரை உப்சாலாவில் படிப்பவர் ஒரு நேஷனில் உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. 2010 ஜூலை 1 அன்று அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் இலையுதிர்ப் பருவத்திலிருந்து, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்குச் சுவீடனில் கல்விக் கட்டணமும் வந்தது. இவ்விரு மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய நிலை புரியும். முன்பு எல்லாரும் தாமாகவே உள்ளே வந்துவிடுவார்கள். இப்போது நேஷன்கள் உறுப்பினர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதேபோல், பெரும் செலவு செய்து வந்திருக்கும் வெளிநாட்டு மாணவர், தன் பணத்துக்கும் நேரத்துக்கும் என்ன கிடைக்கிறது என்று கணக்குப் பார்க்கவும் வேண்டியிருக்கிறது. எனவே இதை ஒரு சேவையாகக் கருதி எடைபோடுவதில் பிழையில்லை என்று நினைக்கிறேன்.

இந்தச் சேவைக்கு ஏன் இவ்வளவு தேவை இருக்கிறது என்பதற்குப் படிப்பின் அமைப்பே காரணம். ஒரு பருவத்துக்கு 30 பாடப் புள்ளிகள் (கிரெடிட்); பல துறைகளில் ஒரு பாடத்தை எடுத்து முடித்துத் தேர்வெழுதிய பிறகே அடுத்த பாடம் தொடங்கும். வாரத்துக்குச் சில விரிவுரைகளும் ஒன்றிரண்டு கருத்தரங்குகளும் மட்டுமே கால அட்டவணையில் இருக்கும். மிச்ச நேரமெல்லாம் தானே படித்துக்கொள்ள வேண்டியது. பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கலாம், கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார், ஆனால் ஏன் இரண்டு நாளாகக் காணவில்லை என்று விசாரிக்க அங்கே யாரும் இல்லை. வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மேலங்கியை மாட்டிக்கொண்டு, புன்னகையோடு தலையசைத்துவிட்டுத் தத்தம் சைக்கிளை நோக்கிப் போய்விடுவார்கள். நவம்பர் பிறந்துவிட்டால் பகல் சுருங்கிக்கொண்டே போகும். டிசம்பர் நடுவில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கூட்டுக் குடும்பத்தின் இரைச்சலிலும் விடுதி அறையின் அரட்டையிலும் வளர்ந்த நமக்கு, குளிரைவிட இந்த நிசப்தம்தான் கடினமாக இருக்கிறது. ஆளில்லாத அந்த நேரங்களை நிரப்பப் பல்கலைக்கழகத்திடம் எதுவும் இல்லை. நேஷன்களிடம் இருக்கிறது.

சேர்வது எளிது. பருவத்துக்குச் சில நூறு குரோனர் உறுப்பினர் கட்டணம். ஒரு நேஷனில் சேர்ந்துவிட்டால் மற்ற பன்னிரண்டின் கதவுகளும் திறக்கும். வாசலில் மாணவர் அட்டையையும் அடையாளச் சான்றையும் காட்டினால் போதும். செப்டம்பர் தொடக்கத்தில் ஒவ்வொரு வீடும் புதியவர்களை அழைத்துச் சுற்றிக் காட்டும். அந்த வாரங்களில் எல்லா வீடுகளையும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது, ஏனென்றால் ஒவ்வொன்றின் இயல்பும் வேறு. ஃபீரிஸ் ஆற்றின் கரையில் இருக்கும் நூர்லாந்து நேஷன் மிகப் பெரியது. எந்நேரமும் கூட்டம், எந்நேரமும் ஏதோ ஒரு நிகழ்ச்சி. சாங்க்ட் லார்ஸ் தெருவில் ஸ்மோலாந்து, கோட்டன்பர்க், உப்லாந்து ஆகியவை அருகருகே இருக்கின்றன. அதே தெருவில், பின்லாந்தின் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ வடிவமைத்து 1965-இல் எழுந்த வெஸ்ட்மன்லாந்து–தாலா நேஷனின் வீடும் இருக்கிறது. கட்டடக் கலையில் ஆர்வமுள்ளவர்கள் ஒரு காப்பி குடிக்கும் சாக்கிலாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். கோட்லாந்து, கல்மார் போன்ற சிறியவற்றில் இரண்டாவது முறை போகும்போதே உங்கள் பெயர் அங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். வெளிநாட்டு மாணவருக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது சிறிய நேஷனைத்தான்.

உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே ஓர் உணவகத்தில் மதிய உணவு சாப்பிட ஆகும் செலவை நம் ஊர்ப் பணத்தில் பெருக்கிப் பார்க்காமல் இருக்கப் பழகுவதற்கே சில மாதங்கள் ஆகும். நேஷன்களில் அதைவிட நன்றாகக் குறைந்த விலையில் சூப், ரொட்டி, வெண்ணெய், சாலட், சில இடங்களில் திரும்பத் திரும்ப ஊற்றிக்கொள்ளக்கூடிய காப்பி எல்லாம் கிடைத்துவிடும். சைவ உணவுக்காரர்களும் வீகன் உணவு மட்டும் உண்பவர்களும் இங்கே கவலைப்பட வேண்டியதில்லை. சுவீடிஷ் மாணவர்களிலேயே அப்படிப்பட்டவர்கள் ஏராளமாக இருப்பதால், அவர்களுக்கான உணவைப் பின்னால் யோசித்துச் சேர்த்ததாக இல்லாமல், முதலிலேயே திட்டமிட்டுச் சமைக்கிறார்கள். வியாழக்கிழமைகளில் மஞ்சள் பட்டாணி சூப்பும் அதன்பின் பான்கேக்கும் சாப்பிடுவது நாடு முழுவதும் உள்ள வழக்கம். நேஷன் சமையலறைகளிலும் அதைக் காணலாம். அந்தச் சூப், நம் வீட்டுப் பருப்புக் கடைசலை உப்பும் மணமும் குறைத்து இறக்கியது போல இருக்கும். ஓரத்தில் வைக்கும் கடுகு விழுதைக் கலந்துகொண்டால் நாக்குக்குப் பிடித்துவிடும். வழக்கமாக அதில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள் என்பதால் வேண்டாதவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மாலையில் மதுக்கூடத்தில் கிடைப்பது பெரும்பாலும் பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். பசிக்கு உதவும், நினைவில் நிற்காது. காரம் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள்.

படிப்பறைகள் நன்று. வெள்ளி எழுத்துகளில் எழுதப்பட்ட ஆறாம் நூற்றாண்டு கோத்திக் மொழி விவிலியத்தைக் காட்சிக்கு வைத்திருக்கும் கரோலினா ரெடிவிவா நூலகத்தில், தேர்வுக் காலத்தில் உட்கார இடம் பிடிப்பது கடினம். அந்த நாட்களில் நேஷன்களின் சிறு நூலகங்கள் பெரிதும் கைகொடுத்தன.

இனி நான் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். நேஷனில் வேலை செய்ய விரும்புகிறவர் பெயர் கொடுத்தால் போதும். காப்பிக் கடை, மதுக்கூடம், சமையலறை, உடைமை காப்பிடம், பாத்திரம் கழுவுமிடம் என எங்காவது ஓர் இடம் இருக்கும். பண வருமானம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. அன்றைய உணவும், பருவ இறுதியில் வேலை செய்தவர்களுக்கென நடத்தப்படும் நன்றி விருந்தும்தான் முக்கியப் பலன்கள். ஆனால் அங்கே வேறொன்று நடக்கிறது. பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் தள்ளிப் போய் நிற்கும் அதே சுவீடிஷ் மாணவர், ஒரு கூடை உருளைக்கிழங்கை நடுவில் வைத்து எதிரெதிரே உட்கார்ந்து தோல் சீவத் தொடங்கியதும் பேச ஆரம்பித்துவிடுகிறார். காரணமில்லாமல் பேச்சைத் தொடங்குவதுதான் அவர்களுக்குக் கூச்சம் தருகிறது. கையில் ஒரு வேலை இருந்துவிட்டால் அதுவே காரணமாகிவிடுகிறது. வகுப்பில் ஒரு பருவம் முழுக்க அருகருகே உட்கார்ந்தும் அறிந்துகொள்ளாத செய்திகளை, அம்மா எந்த ஊர், தம்பி ஏன் படிப்பை நிறுத்தினான், வடக்கே ஸ்கெலெஃப்தியோவில் பனி எத்தனை மாதம் கிடக்கும் என்பதையெல்லாம், ஒரே பிற்பகலில் சமையலறையில் தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு ஃபீக்காவுக்கான இலவங்கப்பட்டை பன் செய்வதை அங்கேதான் கற்றேன். காப்பியும் ஏதாவது ஒரு இனிப்பும் வைத்துக்கொண்டு அவசரமில்லாமல் உட்கார்ந்து பேசும் இடைவேளைதான் ஃபீக்கா. சுவீடனில் அதற்குத் தனி மரியாதை உண்டு. மாவில் இடித்த ஏலக்காயைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். பிசைந்த மாவு பொங்கி எழுந்ததும் மேசையளவுக்குப் பரப்பித் தேய்த்து, வெண்ணெய், சர்க்கரை, பட்டைத்தூள் மூன்றையும் குழைத்துப் பூசி, மடித்து, நீளவாக்கில் கீற்றுகளாக வெட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு கீற்றையும் முறுக்கி, இரண்டு விரல்களைச் சுற்றி ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று எனச் சுற்றி, நுனியை அடியில் செருகிவிட வேண்டும். கற்றுக்கொடுத்த பெண், நான் செருகிய நுனியை மெதுவாக வெளியே எடுத்து, “அடுப்பில் இது அவிழ்ந்துகொள்ளும், அடிவரை தள்ளுங்கள்” என்று சொல்லி என் விரலைப் பிடித்து ஒருமுறை செய்துகாட்டினார். முட்டை பூசி, மேலே கரையாத வெள்ளைச் சர்க்கரை மணிகளைத் தூவி, தட்டு தட்டாக அடுப்பில் வைத்தோம். ஏலக்காய் மணம் மாடிப்படி வரை ஏறியது. கல்லாவில் இருந்தவர் எங்கள் பன்களை வரிசையில் நின்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்தபோது, இந்த வீட்டில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்ற உணர்வு முதல்முறையாக வந்தது. எந்த வரவேற்பு நிகழ்ச்சியும் அந்த உணர்வை எனக்குத் தந்திருக்கவில்லை.

சமையலறை நடத்தப்படும் விதத்தையும் பாராட்ட வேண்டும். லாக்டோஸ், குளூட்டன், கொட்டைப் பருப்பு என ஒவ்வாமைக்குரிய பொருள்கள் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். தனிக் கத்தி, தனிப் பலகை. குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறித்து வைக்க ஓர் அட்டை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது மாணவர்கள் இதையெல்லாம் கண்ணும் கருத்துமாகச் செய்கிறார்கள். நேஷனின் தலைமைப் பொறுப்பை ஏற்கும் ‘குராட்டர்’ தம் படிப்பை நிறுத்தி வைத்துவிட்டு முழுநேரமாக அந்த வீட்டை நிர்வகிக்கிறார். கணக்கு, மது உரிமம், கட்டடப் பராமரிப்பு, ஊழியர் அட்டவணை எல்லாம் அவர் தலையில்தான். குராட்டர் உள்ளிட்ட பொறுப்பாளர்கள் அனைவரும் உறுப்பினர் கூட்டத்தில் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். இருபது வயதில் ஒரு நிறுவனத்தையே நடத்திப் பார்க்கும் வாய்ப்பை மாணவர் கையில் இவ்வளவு நம்பிக்கையோடு கொடுக்கும் ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. சிறு பொறுப்புகளுக்கு வெளிநாட்டு மாணவர்களும் போட்டியிடலாம். போட்டியிட வேண்டும் என்பேன். பின்னாளில் சுவீடனிலேயே வேலை தேடும்போது, உப்சாலாவில் படித்த ஒருவர் நேர்காணல் மேசைக்கு எதிரே இருந்தால், உங்கள் தன்விவரக் குறிப்பில் இருக்கும் அந்த ஒரு வரியின் அருமை அவருக்கு விளக்காமலே புரியும்.

அடுத்தது காஸ்க் எனப்படும் சம்பிரதாய விருந்து. அழைப்பிதழில் உடை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். ‘18 டிகே’ என்று நேரம் போட்டிருந்தால் ஆறரை மணிக்குத் தொடங்கும் என்று கொள்ள வேண்டும். பகலில் விரிவுரைகள் குறித்த மணிக்குப் பதினைந்து நிமிடம் கழித்துத் தொடங்குவது போல, மாலை நிகழ்ச்சிகள் அரை மணி நேரம் கழித்துத் தொடங்கும். யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். தெரிந்தவர்களோடு சேர்ந்து வந்தாலும் தெரியாதவர்களுக்கு நடுவில்தான் இடம் கிடைக்கும். மூன்று சுற்று உணவு. ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் பாட்டை வழிநடத்துபவர் எழுந்து நின்று பக்க எண்ணைச் சொல்வார்; தட்டருகே வைத்திருக்கும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி நூறு பேரும் ஒரே குரலில் பாடுவார்கள். பாடி முடித்ததும் கோப்பையை உயர்த்தி, இருபுறமும் எதிரிலும் இருப்பவர்களின் கண்களைப் பார்த்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும். குடித்தபின் மறுபடியும் அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் கோப்பையைக் கீழே வைக்க வேண்டும். கடைசிப் பாட்டுக்கு அனைவரும் நாற்காலி மேல் ஏறி நின்று பாடுவார்கள். அது முடிந்து இறங்கியபின் மேசையில் மீண்டும் உட்காரக் கூடாது என்பது மரபு. மது அருந்தாதவர்கள் பதிவு செய்யும்போதே அதைக் குறிப்பிட்டால் கட்டணமும் குறையும், மற்றவர்களுடையதைப் போன்ற கோப்பையில் பழச்சாறோ வேறேதோ வரும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

காஸ்க்குக்கு ஆகும் செலவு மாணவர் ஒருவருக்குச் சிறிதல்ல. கோட்டுச் சட்டை இல்லாதவர்களுக்கு அதுவும் ஒரு செலவு, பழைய துணிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் என்றாலும். எனினும் முதல் பருவத்தில் புதியவர்களுக்காக நடத்தும் காஸ்க் ஒன்றையாவது தவறவிடக் கூடாது. சொற்கள் புரியாவிட்டாலும் பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்துக் கூடவே முணுமுணுத்துக்கொண்டு வந்தால், பக்கத்தில் இருப்பவர் தானாகவே வரியைச் சுட்டிக்காட்டி உதவுவார்.

பெரும்பாலான நேஷன்களுக்குச் சொந்தப் பாடற்குழு உண்டு. சிலவற்றில் இசைக்குழுவும் நாடகக் குழுவும் உண்டு. டிசம்பர் 13 அன்று வரும் ஒளித் திருநாளான லூசியா நாளை ஒட்டி, வெள்ளை அங்கியும் இடையில் சிவப்புப் பட்டியுமாக, முன்னால் வரும் பெண் தலையில் மெழுகுவத்தி முடியோடு, இருட்டில் பாடிக்கொண்டு வரிசையாக நுழைவார்கள். குங்குமப்பூ சேர்த்துச் செய்த மஞ்சள் நிற பன் கொடுப்பார்கள். பகலே இல்லாதது போன்ற அந்த மாதத்தில் இதற்காகவே ஓர் உறுப்பினர் கட்டணம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

வசந்தத்தை வரவேற்கும் ஏப்ரல் 30 கொண்டாட்டம் பற்றி உப்சாலாக்காரர்கள் ஆண்டு முழுவதும் பேசுவார்கள். அன்று காலையில் ஃபீரிஸ் ஆற்றில் மாணவர்கள் தாமே கட்டிய தெப்பங்களில் அருவியைத் தாண்டிக் குதிப்பார்கள். நண்பகலில் நேஷன்களில் ஹெர்ரிங் மீன் விருந்து. பிற்பகல் மூன்று மணிக்குக் கரோலினா ரெடிவிவாவின் மாடத்தில் பல்கலைக்கழகத் தலைவர் தம் வெள்ளைத் தொப்பியை அசைக்க, கீழே சரிவு முழுதும் நிற்கும் கூட்டம் தம் வெள்ளை மாணவர் தொப்பிகளை எடுத்து அணிந்துகொள்ளும். பார்க்க வேண்டிய நாள்தான். ஆனால் கூட்டமும் குடியும் மிக அதிகம். நேஷன் நுழைவுச் சீட்டுகள் முன்கூட்டியே தீர்ந்துவிடும். அந்த நாளை மட்டும் வைத்து நேஷன்களை மதிப்பிட்டால் தவறான எண்ணமே ஏற்படும்.

வீட்டு வசதியைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. சில நேஷன்களுக்குச் சொந்தமாக மாணவர் குடியிருப்புகள் இருக்கின்றன; வாடகையும் நியாயமானது. ஆனால் உறுப்பினராக இருந்த காலத்தைப் பொறுத்தே வரிசை நகரும் என்பதால், ஈராண்டுப் படிப்புக்கு வருகிறவருக்கு முறை வருவதற்குள் படிப்பு முடிந்துவிடக்கூடும். கட்டணம் செலுத்திப் படிக்கும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகமே அறை ஏற்பாடு செய்து தருகிறது. அதை விட்டுவிட்டு நேஷனை நம்பி வர வேண்டாம். மாணவர் குடியிருப்புப் பகுதியான ஃப்ளூக்ஸ்டாவின் உயர்ந்த கட்டடங்களில் பன்னிரண்டு பேருக்குப் பொதுவான சமையலறையோடு அமைந்த அறைகள் பலருக்குக் கிடைக்கும். இரவு பத்து மணிக்கு அங்குள்ளவர்கள் சன்னலைத் திறந்து கத்துவது நெடுநாள் வழக்கம். முதல் நாள் திடுக்கிட வைக்கும். நேஷன்களிடம் பழைய அறக்கட்டளைகள் வழியாக உதவித்தொகை நிதியும் இருக்கிறது. பொறுப்புகளில் இருந்தவர்களுக்கு அதில் முன்னுரிமை கிடைப்பதுண்டு. விண்ணப்பிக்க அஞ்ச வேண்டாம்.

குறைகளுக்கு வருகிறேன். முதற்குறை மொழி. கல்லாவிலும் சமையலறையிலும் ஆங்கிலம் தாராளமாகச் செல்லும். ஆனால் முடிவெடுக்கும் கூட்டங்களும், விதிமுறைகளும், பல விண்ணப்பப் படிவங்களும் சுவீடிஷிலேயே இருக்கின்றன. ஒரு நேஷனின் பருவக் கூட்டத்துக்கு ஆங்கில விளக்கம் உண்டு என்று அறிவித்திருந்தார்கள். நம்பிப் போனால் அப்படி யாரும் வரவில்லை. உறுப்பினர் கட்டண உயர்வு குறித்து எனக்கும் வாக்கு இருந்தது, ஆனால் விவாதத்தில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் கையைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டணம் வாங்கும்போது சமமாக நடத்தும் ஓர் அமைப்பு, குரல் கொடுக்கும் இடத்திலும் அப்படி நடத்த வேண்டும். மாணவர்கள் நடத்துவது என்பதால் இதைச் சிறு குறை என்று விட்டுவிட எனக்கு விருப்பமில்லை; வெளிநாட்டு உறுப்பினர்களும் நேஷன்களின் வேலையைச் சுமக்கிறார்கள்.

இரண்டாவது, மாலை நேர நிகழ்ச்சிகளில் மது பெற்றிருக்கும் இடம். வற்புறுத்தல் கிடையாது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் வருமானத்தின் பெரும்பகுதி மதுக்கூடத்திலிருந்தும் நடனக்கூடத்திலிருந்தும் வருவதால், ஒன்பது மணிக்கு மேல் மது இல்லாத நிகழ்ச்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நம் ஊரிலிருந்து வரும் பெண்கள் சிலர் இதனாலேயே நேஷன் பக்கம் திரும்பாமல் இருந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். பகல் நேர நேஷன் முற்றிலும் வேறானது என்பதை அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும். மூன்றாவது, பிப்ரவரியின் உறைபனியில் நடனக்கூடத்துக்கு வெளியே நீளும் வரிசை. அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சீக்கிரம் போங்கள், அல்லது போகாதீர்கள்.

தமிழ் வாசகர்களுக்கு உப்சாலாவோடு வேறோர் உறவும் இருக்கிறது என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. சமய வரலாற்றுப் பேராசிரியர் பீட்டர் ஷால்க்கும் ஈழத்து அறிஞர் ஆ. வேலுப்பிள்ளையும் தமிழர்களிடையே பௌத்தம் வாழ்ந்த வரலாற்றை ஆராய்ந்தது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். நேஷன்களில் யாரிடமும் இதைச் சொன்னால் வியப்போடு கேட்கிறார்கள். நம் மொழியைப் பற்றிப் பேச்சைத் தொடங்க அது ஒரு நல்ல வழி.

இந்த இலையுதிர்ப் பருவத்தில் செல்ல இருப்பவர்கள் செய்ய வேண்டியது இதுதான். வந்த முதல் வாரத்திலேயே மாணவர் அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அது கைக்கு வராமல் வாசலைத் தாண்ட முடியாது. ரொக்கத்தைப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள், ஆகவே வெளிநாட்டில் செல்லுபடியாகும் வங்கி அட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். சுவீடிஷ் தனிநபர் எண்ணும் அதன்பின் வங்கிக் கணக்கும் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம். மூன்று நான்கு நேஷன்களின் காப்பிக் கடைகளில் தனித்தனி நாளில் உட்கார்ந்து பாருங்கள். எங்கே கல்லாவுக்குப் பின்னால் இருப்பவர் உங்களிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுகிறாரோ, அங்கே கட்டணத்தைக் கட்டிவிட்டு, அடுத்த வாரம் ஆள் தேவையா என்று அப்போதே கேளுங்கள். பெரும்பாலும் தேவைப்படும்.